தெய்வானை அக்காவின் மூன்றாவது சாவி

மார்ச் 3, செவ்வாய்

முதலில் கண்ணில் பட்டது ஷூதான். கரை வைத்த நூல் சேலை, அதன் கீழே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பீரியடுக்குப் போட்டு வருவார்களே, அது. கடைக்கு யார் வந்தாலும் நான் தரையைத்தான் பார்ப்பேன். காங்கேயத்தில் பாதிப் பேரை எனக்குக் காலை வைத்துத்தான் தெரியும். சேலைக்கு ஷூ போட்ட காலை இன்றுதான் பார்த்தேன்.

ஷூவுக்குப் பின்னால் ஒரு பெரிய வெள்ளை வண்டி நின்றது. ஏழு பேர் உட்காருவது. எங்கள் சாவிக் கடையைத் தூக்கி அதற்குள் வைத்துப் பூட்டிவிடலாம்.

"இந்த வண்டிக்குச் சாவி ஒண்ணு வேணுமுங்," என்றார் அந்த அக்கா. "இருக்கற ரெண்டும் அவருகிட்ட. ஒண்ணு சட்டைப் பையில, இன்னொண்ணு பீரோவுல. எனக்குன்னு ஒண்ணு வேணும்."

"அப்ப இது எப்புடிங் உங்க கைக்கு வந்துச்சு?" என்று சுகந்தி அண்ணி கேட்டாள். கடையில் பேசுவது அண்ணி, வேலை செய்வது நான். அண்ணன் லாரிக்குப் போனதிலிருந்து இப்படித்தான் நடக்கிறது.

"அவரு நாமக்கல் போயிருக்காரு, முட்டை மீட்டிங்குக்கு. பங்காளி கார்ல. பீரோச் சாவி என்ற இடுப்புலதானுங்களே இருக்குது."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சட்டத்தை விடவில்லை. "ஆர்சியில யாரு பேரு இருக்குதோ அவங்க நேர்ல வரோணும், அவங்க ஆதாரும் வேணும். இல்லாட்டி நாங்க மிசினையே தொடறதில்லைங்." அது எங்கள் கடைப் பலகையிலும் எழுதியிருக்கிறது. எழுதியது நான். எழுத்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

அக்கா பையிலிருந்து ஆர்சியை எடுத்து நீட்டினார். தெய்வானை, கணவர் பெயர் சென்னியப்பன். ஆதாரிலும் அதே முகம்.

"வண்டி எடுத்தப்ப அவருக்கு ஏழரைச் சனி. அவரு பேர்ல வாங்குனா வண்டி உருப்படாதுன்னு சோசியரு சொல்லிப்போட்டாரு. அதான் எம்பேர்ல. ஓட்டறதெல்லாம் அவருதான். தை மாசம் நான் லைசன்ஸ் வாங்கிட்டு வந்து காட்டுனேன். 'நல்லாருக்குது, போட்டோவுல களையா இருக்கற, பத்திரமா வெச்சுக்க'ன்னாரு."

சாவி கேட்டதற்குக் காரணமும் சொன்னார். இந்த மாதம் 25, புதன்கிழமை, பிறந்த ஊரில் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா. கல்யாணமாகி வந்த பிறகு நோம்பிக்கு ஊர்ப்பக்கம் போனதே அபூர்வம். கேட்கும்போதெல்லாம் கோழிப்பண்ணையில் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். ஒன்று தீவன லோடு வரும், இல்லாவிட்டால் குஞ்சு வரும். "இந்த வருசம் யாருகிட்டயும் கேக்கப் போறதில்லை. நானே ஓட்டிட்டுப் போறேன். அதுக்குள்ள பண்ணை ரோட்டுல கை பழகோணும். அவரு மத்தியானம் தூங்கறப்ப."

கோவையிலிருந்து வந்த சிப் சாவிகளில் இந்த வண்டிக்குப் பொருந்துவது ஒன்று இருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே, சாவி பதிக்கும் மிசினின் வயரைச் சொருகினேன். ஏசியையும் லைட்டையும் அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி இறங்கி நடுவழியில் மிசின் முறைத்துக்கொள்ளும். கையிலிருந்த சாவியால் வண்டியை எழுப்பி, மிசினில் 'சாவி சேர்' என்பதைத் தொட்டு, புதுச் சாவியை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்தேன். வண்டி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு 'பீப்' என்றது. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். யார் எவர் என்று விசாரிக்காமல் 'சரி, உள்ளே வா' என்று சொல்வது போல இருக்கும். மிசினில் பதிந்த சாவிகள் 3 என்று வந்தது.

அதன் பிறகுதான் ரிவர்ஸ். எங்கள் சந்துக்குள் வந்த வண்டி பின்னால்தான் போக வேண்டும். வண்டிக்குப் பின்னால் கேமரா இருக்கிறது. ஆனால் ஆயுத பூசைக்கு அதன் கண் மேலேயே சந்தனம் பூசிப் பொட்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே திரையில் மஞ்சளைத் தவிர எதுவும் தெரியவில்லை. துடைக்கத் துணியை எடுத்தேன். "ஐயோ, பூசை வெச்சது கண்ணு, தொடாதே," என்றார் அக்கா.

"ஏ சிந்து, பின்னால நின்னு சொல்லு," என்று அண்ணி என்னை அனுப்பினாள். நின்றேன். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. கையை மட்டும் ஆட்டினேன். அக்காவின் கண்ணாடியில் என் கை தெரியவில்லை போலிருக்கிறது. வண்டி மெதுவாக வந்து, பஞ்சர் கடைத் தண்ணீர்த் தொட்டியில் மோதி நின்றது.

மார்ச் 4, புதன்

தொட்டியில் விரிசல். பஞ்சர் கடை வேலுச்சாமி அண்ணன் சிமெண்ட் பூசிக்கொண்டே, "சிந்தாமணி, உனக்கு வாய் எதுக்கு வெச்சிருக்குது, சோறு திங்கவா?" என்றார். என் பெயர் சிந்துஜா.

மார்ச் 8, ஞாயிறு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணிக்கு வளைகாப்பு. அதோடு தாராபுரத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். குழந்தை பிறந்த பிறகுதான் வருவாள்.

"அதுவரைக்கும் கடையை மூடிப்போடலாம்," என்றாள். "வர்றவங்ககிட்ட யாரு பேசுவா? நீயா?"

மூடினால் மூடட்டும், எனக்கென்ன. பதினொன்றாம் வகுப்பில் முதல் நாள் ஒவ்வொருவரும் எழுந்து நின்று பெயரும் ஊரும் சொல்ல வேண்டும் என்றார்கள். இரண்டாம் நாளிலிருந்து நான் போகவில்லை. அதற்கே ஒன்றும் ஆகவில்லை.

சாயங்காலம் ஷட்டருக்கு எண்ணெய் போட்டேன். கிறீச்சென்று சத்தம் போடுகிறது என்பதால்தான்.

மார்ச் 11, புதன்

இன்று வெள்ளை வண்டி மறுபடி வந்தது. இறங்கியது தடித்த தோல் செருப்பு. கட்டைவிரல் நகத்தில் தீவன மாவு.

"அம்மிணி, இந்த வண்டிக்கு என்னமோ புடிச்சிருக்குது," என்றார் அண்ணியிடம். சென்னியப்பன் இவர்தான் என்று வண்டியை வைத்தே தெரிந்துகொண்டேன். "சாவி என்ற ரூமுக்குள்ள கெடக்குது. நான் வெறுங்கையோட வந்து கதவுல கைய வெச்சாத் தெறக்குதுங். நேத்துப் பாரு, உள்ள ஏறி உக்காருறேன், முட்டி ரெண்டும் டேஷ்போர்டுல இடிக்குது. சீட்டு தானா முன்னால வந்து நிக்குது!"

அண்ணி பக்கவாட்டில் என்னைப் பார்த்தாள். நான் பூட்டு ஒன்றைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"வண்டியை எங்கீங் நிறுத்துவீங்க?"

"போர்ட்டிகோவுலதான். சமையக்கட்டு ஜன்னலை ஒட்டி."

"சென்சார் இப்புடி ஏமாத்தறது உண்டுங். பயப்பட ஒண்ணுமில்லை."

"நான் பயப்படலைம்மா. என்ற சம்சாரந்தான் பயந்துக்குவா," என்றார். வண்டியின் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருந்தது. பழம் பெரிய பழம். அவர் போனதும் அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எனக்கு இங்கயே பொறந்துரும்டி," என்றாள்.

மார்ச் 12, வியாழன்

தெய்வானை அக்கா நம்பர் பில்லில் இருந்தது. வாட்ஸ்அப்பில் எழுதினேன். எழுதுவதென்றால் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

'அக்கா, சாவியைச் சமையக்கட்டு ஜன்னல் பக்கம் வைக்காதீங்க. வண்டி அதைக் கண்டுபிடித்துக் கதவைத் திறந்துவிடுகிறது. மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்தால் வண்டிக்குத் தெரியாது. இறங்கும்போது சீட்டைப் பின்னால் தள்ளிவிடுங்க.'

பதிலுக்குக் குரல் செய்தி வந்தது. முதல் பாதி முழுக்கச் சிரிப்பு. பிறகு, "கொள்ளு டப்பாவுல போட்டுட்டேன் கண்ணு. அவருக்குக் கொள்ளுன்னாலே ஆகாது, அந்தப் பக்கமே வரமாட்டாரு. நீ நல்லா வெவரமா எழுதற. போன் பண்ணு, பேசலாம்."

போன் பண்ணவில்லை. வேலை இருந்தது.

மார்ச் 16, திங்கள்

நேற்று அண்ணி கை நிறைய வளையலோடு போய்விட்டாள். கிளம்பும்போது கடைச் சாவியை என் கையில் கொடுத்து, "தெறக்கோணும்னு இல்லை. சும்மா வெச்சுக்க," என்றாள்.

இன்று திறந்தேன். மிசினுக்கு அப்டேட் போட வேண்டியிருந்தது. வீட்டில் நெட் வராது. அதற்காகத்தான்.

மார்ச் 17, செவ்வாய்

சைக்கிள் பூட்டுக்கு ஒருவர், பீரோவுக்கு ஒருவர். தலையாட்டியே சமாளித்தேன். கடை போன் அடித்துக்கொண்டே இருந்தது. தானாக நின்றது.

மார்ச் 20, வெள்ளி

தோல் செருப்பு தனியாக வந்தது.

சென்னியப்பன் ஐயா சட்டைப் பைச் சாவியைத் தொலைத்துவிட்டார். மாடு பார்க்கச் சந்தைக்குப் போனாராம், குனிந்து மாட்டின் காலைப் பார்த்தாராம், நிமிரும்போது பை காலி. பீரோவில் இருந்த இன்னொரு வண்டிச் சாவியோடு வந்திருக்கிறார்.

"எவன் கையில சிக்குச்சோ தெரியலை. வண்டிய ஓட்டிட்டுப் போயிட்டான்னா? அதனால நீ என்ன பண்ற, இந்தச் சாவிய மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்தை எல்லாம் மிசின்ல அழிச்சுப்போடு. புதுசா ஒண்ணு போட்டுக் குடு. எங்க உங்க அண்ணி?"

மிசின் வயரைக் கையில் எடுத்துவிட்டேன். வண்டிக் கதவைத் திறந்தும்விட்டேன். அப்போதுதான் உறைத்தது. 'மிச்சத்தை எல்லாம்' என்றால் கொள்ளு டப்பாவில் இருப்பதும்தான். அழித்துவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக். புதன்கிழமை நோம்பி. அன்று காலை அக்கா ஷூ போட்டுக்கொண்டு போய் ஸ்டார்ட் பொத்தானை அழுத்துவார், வண்டி அவரை யாரென்று கேட்கும்.

வயரைச் சுருட்டினேன். பலகையைக் காட்டினேன். ஐயாவுக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாதாம்.

"என்ன எழுதிருக்குது? சொல்லு."

அவர் செருப்பைப் பார்த்துச் சொன்னேன்.

"என்ன அம்மிணி? காத்து மட்டுந்தான் வருது."

"ஆர்சியில பேரு இருக்கறவங்க வரோணுங்க."

"நாந்தானே வந்திருக்கறேன்? என்ற வண்டி இது!" ஆர்சியை எடுத்து நீட்டினார். நான் அதில் பெயர் இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்தார்.

"அட, இதா! இது சனிக்குக் காட்டறதுக்கு எழுதுன பேரும்மா!"

"அப்பச் சனியவே கூட்டிட்டு வாங்கண்ணோவ்," என்றார் பஞ்சர் கடையிலிருந்து வேலுச்சாமி அண்ணன். "கையெழுத்துப் போட்டுட்டுப் போகட்டும்."

"நீ உன்ற டியூப்பப் பாருப்பா. அம்மிணி, அவளுக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்? டயரு எத்தனைன்னு கேட்டா எண்ணிப் பாத்துத்தான் சொல்லுவா. நீ போடு, நான் பாத்துக்கறேன்."

"வண்டிக்காரங்க வரோணுங்க," என்றேன். இந்த முறை வேலுச்சாமி அண்ணன் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது.

ஐயா என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். "நாளைக்குக் கூட்டிட்டு வாறேன். ஒரு சாவிக்குக் குடும்பத்தோட கெளம்போணுமாமா, நல்ல கெரகம்," என்று சொல்லிக்கொண்டே போனார். மரியாதையாகத்தான் போனார்.

அக்காவுக்கு, 'நாளைக்கு வரும்போது கொள்ளு டப்பாவைக் கொண்டு வாங்க' என்று மட்டும் அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

தொண்டை லேசாக வலிக்கிறது. தூசியாக இருக்கும்.

மார்ச் 21, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, வண்டியிலும் ஒரு கீறல் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கே படபடப்பாக இருக்கிறது.

இரண்டு ஜோடிக் கால்கள் இறங்கின. தோல் செருப்பு, வெள்ளை ஷூ. ஐயா அந்த ஷூவைக் கவனிக்கவில்லை. வீட்டில் இருப்பவர்களின் காலை யார் பார்க்கிறார்கள்? அக்கா கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் டப்பாவின் வட்டம் தெரிந்தது.

"இந்தாம்மா, வண்டிக்காரி," என்றார் ஐயா, மனைவியைக் காட்டி. "கையெழுத்து எங்க போடோணும்?"

ஆதாரையும் ஆர்சியையும் பார்த்துவிட்டு வயரைச் சொருகினேன். பீரோச் சாவியால் வண்டியை எழுப்பினேன். ஐயா என் தோளுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றார். இன்று கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதுதான் வினையாகிவிட்டது.

"மூணுன்னு காட்டுது? ரெண்டுதானே? உன்ற மிசினு தப்பாக் காட்டுது அம்மிணி."

என் மிசினைச் சொன்னதும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. "மிசினு சரியாத்தானுங் இருக்குது," என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அக்காவைப் பார்த்தேன். நான்தான் காட்டிக் கொடுத்துவிட்டேன்.

அக்கா நிதானமாகப் பையிலிருந்து டப்பாவை எடுத்தார். மூடி இறுக்கம். சேலைத் தலைப்பை வைத்துத் திருகித் திறந்தார்.

"கொள்ளு எதுக்கு இங்க கொண்டாந்த?" என்றார் ஐயா.

அக்கா கையை உள்ளே விட்டுத் துழாவினார். கொஞ்சம் கொள்ளு தரையில் சிந்தியது. சாவியை எடுத்து ஊதி, என் மேசை மேல் வைத்தார்.

ஐயா அந்தச் சாவியைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். கடைசியாகக் கீழே குனிந்து ஷூவைப் பார்த்தார். அங்கேதான் அவருக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது.

"சீட்டு..."

"நாந்தானுங்."

"கதவு..."

"அதுவும் நாந்தான்."

"எலுமிச்சம்பழம் கட்டுனனேடி, அது எங்க போச்சுன்னு பாத்துக்கிட்டிருந்தேன்!"

"நல்ல பழமுங்க. ஊறுகா போட்டுட்டேன். முந்தாநாள் தயிர் சோத்துக்குத் தொட்டுட்டு நல்லாருக்குதுன்னீங்க."

வேலுச்சாமி அண்ணன் கடையில் டியூப்பிலிருந்து காற்றுப் போகும் சத்தம் கேட்டது. டியூப்பாக இல்லாமலும் இருக்கலாம்.

ஐயாவுக்குக் கோபமா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை போல முகம் இருந்தது. "ஏன் தெய்வானை, என்கிட்டக் கேட்டா நான் குடுக்க மாட்டனா?"

"கேட்டனே. வருசா வருசம் கேட்டனே. லோடு வருது, குஞ்சு வருதுன்னீங்க. புதன்கெழமை எங்கூரு நோம்பி. இந்தத் தடவை கேக்கலை, சொல்றேன். நானே ஓட்டிட்டுப் போறேன்."

எனக்கு வேலை பாதியில் நின்றது. பேட்டரி வேறு இறங்கிக்கொண்டிருந்தது. அதனால் கேட்டேன், ஷூவைப் பார்த்துத்தான். "எந்தச் சாவிய எல்லாம் வைக்கறதுங்க?"

"சந்தையில தொலைஞ்சதை அழிச்சுரு கண்ணு. பீரோ சாவி, கொள்ளுச் சாவி, அவருக்குப் புதுசா ஒண்ணு. மூணும் இருக்கட்டும்," என்றார் வண்டிக்காரங்க.

தொலைந்ததை மட்டும் தனியாக அழிக்க வராது. அதனால் எல்லாவற்றையும் அழித்தேன். பிறகு ஒவ்வொன்றாகப் பொத்தானில் ஒட்டிப் பிடித்துச் சேர்த்தேன். கொள்ளுச் சாவிக்கு மட்டும் பீப் வரவில்லை. எடுத்து உதறினேன். சாவியின் வளைய ஓட்டையிலிருந்து ஒரு கொள்ளு விழுந்தது. மறுபடி வைத்தேன். 'பீப்.'

ஐயா புதுச் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டார். பையைத் தட்டிப் பார்த்தார். பிறகு சந்துப் பக்கம் பார்த்தார். ஒரு பக்கம் கரண்ட் கம்பம். எதிரே டீக்கடை பெஞ்சு, அதில் நான்கு பேர். இந்தப் பக்கம் வரிசையாகப் பைக்குகள். கடைசியில் சிமெண்ட் பூசிய தொட்டி.

"சரி. ஓட்டறேங்கற. இந்தச் சந்துக்குள்ள இருந்து ரிவர்ஸ்ல எடுத்து மெயின் ரோட்டுல கொண்டு போயி நிறுத்து. எதுலயும் உரசாம எடுத்துட்டா, நோம்பிக்கு நீயே போ, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். உரசுனா அந்தச் சாவி பீரோவுக்குள்ள. சம்மதமா?"

"சம்மதமுங்."

"நான் பின்னால நின்னு சொல்ல மாட்டேன். பாத்துக்க." கையைக் கட்டிக்கொண்டு என் கடைப் படியில் நின்றார்.

"என்ற தொட்டீ!" என்று வேலுச்சாமி அண்ணன் ஓடிவந்து தொட்டிக்கு முன்னால் நின்றார். அதை நகர்த்த முடியாது. அவரும் நகர்வதாக இல்லை.

அக்கா ஏறினார். சீட்டை முன்னால் இழுத்தார். ஐயா அதைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். வண்டி உறுமியது. ரிவர்ஸ் விளக்கு எரிந்தது. கேமராவின் கண்ணில் சந்தனம் அப்படியே இருந்தது. கண்ணாடியில் அக்காவின் முகம் தெரிந்தது. வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கேட்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

போன தடவை கையை மட்டும் ஆட்டினேன்.

கடைக்குள் போன் அடித்தது. அண்ணியாக இருக்கும். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் டம்ளரைக் கையில் பிடித்தபடி வேடிக்கை பார்த்தார்கள். மெயின் ரோட்டிலிருந்து ஒரு ஆட்டோ சந்துக்குள் மூக்கை நுழைத்தது.

நான் ஐயாவைத் தாண்டிப் படியிறங்கி, நடுச்சந்தில் போய் நின்று, ஆட்டோவுக்கு ஒரு கையைக் காட்டி நிறுத்தி, இன்னொரு கையைத் தூக்கி, "வரட்டும்! வரட்டும்! ஒடிச்சு வரட்டும்!" என்று கத்தினேன்.